மெட்ராஸ் கேட்ட முடிவு

கிர்ர்ர்... கிர்ர்ர்...

மிளகுக் கிடங்கின் டெலிபோன் அலறியபோது, அது கூப்பிட்ட ஆள் சாக்குத் துணிக்குக் கீழே கிடந்தான்.

இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ரிசீவரை எடுத்தது வீரபாண்டி.

"செல்லதுரை சார் இருக்காருங்களா? மெட்ராஸ்லேர்ந்து பேசறோம். சினிமா கம்பெனி."

சார்! மூட்டை தூக்கும் செல்லதுரை, சார்!

வீரபாண்டி ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினான். எஸ்.ஐ. நாணு அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"மட்டாஞ்சேரி போலீஸ். ஆள் மரிச்சு போயி. மூட்டை அட்டி சரிஞ்சு மேல விழுந்தது. ஆக்சிடென்ட்."

மறுமுனையின் குரல் வீரபாண்டியின் காது வரை கேட்டது.

"அடடா... ரொம்ப வருத்தமா இருக்குங்க. அவர் அனுப்பின ஒரு வரிக் கதை முதலாளிக்குப் பிடிச்சுப் போச்சு. முடிவுதான் சரியில்லை, அதைக் கேக்கத்தான் கூப்பிட்டோம். சரி, நாங்களே ஒரு முடிவு போட்டுக்கறோம். டைட்டில்ல 'கதை: அமரர் செல்லதுரை'ன்னு போட்டுடறோம்."

க்ளிக்.

கதை: அமரர் செல்லதுரை!

அந்தக் கதை வீரபாண்டியுடையது. முடிவைத் தவிர ஒவ்வொரு சொல்லும் அவனுடையது.

தேனிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து, இந்த 1983 ஜூனோடு இருபத்திரண்டு வருஷம். சாக்குகளின் மேல் கறுப்பு பெயின்டில் கம்பெனி மார்க்கு எழுதுவது அவன் வேலை. சுள்ளிக்கல்லில் ஓர் அறை. அந்த அறையில் அவன் இருமல் சத்தத்தைத் தவிர வேறு மனிதச் சத்தம் கேட்டதில்லை.

'முழுக் கதை அனுப்பாதீர்கள். ஒரே வரியில் சொல்லுங்கள்' என்று ஒரு சினிமா கம்பெனி பத்திரிகையில் கேட்டிருந்தது. அந்த ஒரு வரியை மூன்று வருஷம் எழுதி எழுதி அடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் செல்லதுரையிடம் மட்டும் சொல்லிப் பார்த்தான். உலகத்தில் அவனிடம் "அப்புறம்?" என்று கேட்ட ஒரே ஆள் செல்லதுரைதான்.

இப்போது என்ன செய்வது? கதை என்னுடையது என்றால் போலீஸ் துருவும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்... ஆனால் கதை காலத்துக்கும் செத்தவன் பெயரில் போய்விடும்.

வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தான்.

"தமிழ் வாசிக்க அறியுமோ?" நாணு ஒரு போஸ்ட் கார்டை நீட்டினார். "இவன் பாக்கெட்ல இருந்தது. வீட்டு அட்ரஸ் ஏதும் உண்டோன்னு நோக்கு."

மெட்ராஸ் கம்பெனியின் பதில் கார்டு. அவன் வரியையே அதில் எடுத்து எழுதியிருந்தார்கள்.

"அட்ரஸ் இல்லைங்க சார். கதை தான் இருக்கு. 'இருபது வருஷமாகப் பேச ஆளில்லாத ஒருவன், தன் ஒரே சொத்தைத் திருடிய ஒரே நண்பனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறான்.'"

நாணு சாயாவை உறிஞ்சினார். அவருக்கு சினிமா என்றால் உயிர்.

"கொள்ளாம். போலீஸ்ல குடுக்கிறது. நல்ல முடிவு."

வீரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு விநாடி... இரண்டு விநாடி...

முடியவில்லை!

"அது முடிவே இல்லைங்க சார். செல்லதுரை அவனா சேத்து ஒட்டுப் போட்டது."

"எந்தா குழப்பம்?"

"ஒரு வரியில ஆள் யாருன்னு தெரியணும். அவனுக்கு என்ன வேணும், குறுக்க நிக்கிறது யாருன்னு தெரியணும். எல்லாத்துக்கும் மேல, அவனுக்கு எது பறிபோகும்னு தெரியணும். போலீஸ்ல குடுத்துட்டா இவனுக்கு என்ன சார் போச்சு? கதை அங்கேயே படுத்துருது."

"பின்னே?"

"கொல்லணும். கொன்னாத்தான் சொத்து திரும்பக் கிடைக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை படகுல பக்கத்துல உக்கார ஆள் இருக்காது. ஜெயிச்ச அன்னைக்கே தோத்துப் போறான். அதான் சார் வரி."

நாணு கிளாஸைக் கீழே வைத்தார்.

"அடிபொளி. எப்படிக் கொல்லும்?"

"இப்படி ஒரு கிடங்குலதான். அட்டியில அடி மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்தா மேல இருக்கிறது மொத்தமும் சரிஞ்சிரும். வர்ற போலீசு ஆக்சிடென்ட்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"அப்புறம்?"

அந்த ஒரு வார்த்தை!

வீரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்குத் துணிக்கு அடியில் கிடந்தவனைத் தவிர வேறு யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. கேட்டவர் காக்கி போட்டிருப்பது அவனுக்கு மறந்தே போனது.

"கொக்கியைக் காயல்ல போட்டா எவனாவது பார்ப்பான் சார். ஒரு மூட்டையைப் பிரிச்சு, மிளகுக்குள்ள சொருகித் தைச்சு, மேல புதுசா மார்க்கு எழுதிட்டா... கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிரும்."

"நினக்கு இந்த முடிவு எப்போ கிடைச்சு?"

"இன்னைக்குக் காலையிலதான் சார். எட்டேகால் இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது.

வெளியே மழை வலுத்தது.

நாணு தலையை லேசாக அசைத்தார். கான்ஸ்டபிள் ராசப்பன் மூட்டை வரிசையோரம் நடந்தார். ஒவ்வொரு மார்க்கையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்று... இரண்டு... ஐந்து...

ஒன்பதாவது மூட்டையில் நின்றார். விரலைத் திருப்பிக் காட்டினார்.

விரல் நுனி கறுப்பாக இருந்தது. மழைக்காலம். பெயின்ட் காயவில்லை!

தையலைப் பிரித்ததும் மிளகு தரையில் கொட்டியது. கூடவே கொக்கியும்.

வீரபாண்டி ஓடவில்லை. ஓடி எங்கே போவது, யாரிடம் போவது?

"போன ஞாயித்துக்கிழமை படகுல அந்தக் கார்டைக் காட்டினான் சார். சிரிச்சுக்கிட்டே காட்டினான். 'யார் பேர்ல போனா என்ன அண்ணே, நம்ம கதை பிடிச்சிருக்குல்ல'ன்னான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"பின்னே என்கிட்டேயிருந்து மறைச்சிருக்கலாமே. ஞான் ஆக்சிடென்ட்னு எழுதிக் கழிஞ்சாச்சு."

"நீங்க 'நல்ல முடிவு'ன்னு சொல்லிட்டீங்களே சார். தாங்கலை."

அவன் சாக்குத் துணியைப் பார்த்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை படகில் பக்கத்து இடம் காலி. விம்மி விம்மி அழுதான். ராசப்பன் பதமாகவே விலங்கை மாட்டினார்.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

நாணு எடுத்தார்.

"சார், மறுபடியும் மெட்ராஸ்தான். நாங்க எழுதின முடிவு முதலாளிக்குப் பிடிக்கலை. செல்லதுரை சார் நோட்டு புத்தகத்துல ஏதாவது எழுதி வச்சிருக்காரான்னு..."

"முடிவு கிடைச்சு. கதை செல்லதுரையோடது இல்லை. எழுதினவன் பேர் வீரபாண்டி. சரியாய் எழுதிக்கோ. வீ-ர-பா-ண்-டி. அமரர் வேண்டா. ஆள் ஜீவனோட உண்டு."

வீரபாண்டி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். அவன் பெயரை யாரோ மெட்ராசில் எழுதிக்கொண்டிருந்தார்கள்!

"ரொம்ப நல்லதுங்க. அவரை உடனே அனுப்பி வைங்க. கதை டிஸ்கஷனுக்கு ரூம் போட்டுத் தர்றோம்."

நாணு விலங்கைப் பார்த்தார்.

"ரூம் ஞங்களே போட்டாச்சு சேட்டா... பதினாலு வருஷத்துக்கு."