வெதுவெதுப்பான மூடுபனி

கதவைத் திறந்ததும் துயாராவுக்குக் குமட்டியது. வாடை. மைனஸ் ஐம்பது டிகிரி உறைகுளிரில் எதுவும் நாறாது. வெளியே அடுக்கி வைத்த மீனும் குதிரைக்கறியும் விறகு போலக் கிடக்கும், கழிவறைக் குழிகூட வாசமற்றுப் போகும். ஆனால் லேனா ஆற்றங்கரையில் ஒரு வாரமாக அசையாமல் நின்ற பனிமூட்டத்திலிருந்து, துலக்காத வாயின் வாடை, பல்லிடுக்கில் அழுகிய இறைச்சியின் புளிப்போடு வந்து அவள் மூக்கில் அப்பியது.

"எர்ச்சிம், இங்க வந்து மோந்து பாரேன்."

கணவன் சிரித்தான். "மூடுபனின்னா என்னங்கற? ஊர் சனம் விட்ட மூச்சு மேல போக வழியில்லாம நிக்குது. பக்கத்து வீட்டுக் கிழவன் ராத்திரி பூரா குடிச்சிருப்பான். கதவ மூடு, குளிருது."

"குளிரலையே. அதான் சொல்றேன்."

அவன் கேட்டுக்கொள்ளவில்லை. குடிநீருக்காக வாசலுக்கு அப்பால் அடுக்கி வைத்திருந்த ஆற்றுப் பனிக்கட்டியை உடைத்து வருவதாகச் சொல்லி, ரோமத் தொப்பியும் மான்தோல் காலணியும் மாட்டிக்கொண்டு, கோடரியோடு இறங்கினான். அவன் உடல் கிழித்த வழி பனிமூட்டத்தில் ஒரு சுரங்கம்போல, அவன் தோள் அகலத்துக்கு அப்படியே திறந்து நின்றது.

கோடரி இருமுறை விழுந்தது. பிறகு நின்றது.

எதையோ உறிஞ்சும் ஈரச் சத்தம்.

"எர்ச்சிம்? விளையாடாத!"

அவள் மேலங்கியை இழுத்துப் போர்த்தி, வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சுரங்கத்துக்குள் நடந்தாள். பனிக்கட்டி அடுக்கு வந்தது. அதையும் கடந்தாள். வழி மட்டும் நீண்டது. இமையில் உறைபனி பிடிக்கவில்லை. கன்னத்தில் வெதுவெதுப்பான பிசுக்கு வழிந்தது. துடைத்தாள். விரலோடு நூலாக வந்தது.

காலடியில் பனி நொறுங்கவில்லை. அமுங்கியது. மெத்தென்று. ஈரமாக.

அங்கே அவன் காலணிகள். ஜோடியாக. நிமிர்ந்து. கொழகொழவென்ற எச்சில் மூடி, ஆவி பறக்க.

உறையாத எச்சில்.

"எர்ச்சிம்..."

"உள்ள வாடி," என்றது அவன் குரல், எல்லாப் பக்கமிருந்தும். "இங்க சூடா இருக்கு."

அவள் திரும்பினாள். வந்த வழி மூடியிருந்தது.

ஒரு வாரமாக அசையாத பனிமூட்டம், அப்போதுதான், அவள் முகத்தை உரசிக்கொண்டு, மெல்ல, மெல்ல, ஒரே திசையில் உள்ளே இழுபடத் தொடங்கியது.