விளக்கா, ஆட்டுக்குட்டியா?

நிருபமா அந்த ஆங்கிலப் பாட்டைப் பாட ஆரம்பித்தால் போதும், எதிர்வீட்டு ஹெலன் ஆன்ட்டி கதவைச் சாத்திவிடுவார்.

"நான் அவ்வளவு மோசமாவா பாடறேன்மா?" என்று கேட்டாள் நிருபமா.

அம்மா லலிதா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "நல்லாத்தான் பாடறே. ஆனா அந்த ஆட்டுக்குட்டி லைன்தான் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

நிருபமாவுக்கும் புரியவில்லை. 'வாசலில் ஓர் ஆட்டுக்குட்டியை வை, நான் வீட்டுக்கு வருகிறேன்' என்பது அந்த வரி. வீட்டுக்கு வருகிறவருக்கு ஆட்டுக்குட்டி எதற்கு?

அது பழைய அமெரிக்கப் பாட்டு. ஜெர்மனியில்கூடப் பெரியவர்களுக்கெல்லாம் மனப்பாடம். அங்கே கார்ஹிங் என்ற ஊரில் நிருபமா படித்த பள்ளியில், 2007-ஆம் வருடக் கோடை விழாவுக்கு அதைத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முதல் வகுப்பு லோட்டேவுக்கு ஆட்டுக்குட்டி வேடம்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் நிருபமா எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"ஆன்ட்டி, நான் பாடறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

ஹெலன் ஆன்ட்டி சிரித்துவிட்டார். "உன் குரல் தொந்தரவே இல்லை, நிரு. அந்த ஆட்டுக்குட்டிதான் தொந்தரவு. அந்தப் பாட்டை எழுதியது நான். ஆனால் நான் எழுதியது ஆட்டுக்குட்டி இல்லை, விளக்கு!"

நிருபமா வாயைப் பிளந்தாள். "நீங்களா எழுதினீங்க?"

"ஆமாம். அப்போது நியூயார்க்கில் ஒரு சின்ன அறையில் எனக்கு வேலை. இசையமைப்பாளர் பியானோவில் மெட்டு வாசிப்பார். நான் அதற்குச் சொல் தேடுவேன். காலையில் காதல் பாட்டு எழுதினால் மத்தியானம் சோப்பு விளம்பரம் எழுதுவேன்."

"அப்புறம் விளக்கு எப்படி ஆட்டுக்குட்டி ஆச்சு?"

"எல்லாம் என் கையெழுத்தின் அழகு! ஆங்கிலத்தில் விளக்கு 'லேம்ப்', ஆட்டுக்குட்டி 'லேம்'. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். பாடகர் தப்பாகப் படித்துவிட்டார். அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து வருவதற்குள் இசைத்தட்டு கடைக்கே வந்துவிட்டது."

"மாத்தச் சொல்லலையா?"

"சொன்னேனே! 'ஆட்டுக்குட்டி நன்றாக விற்கிறது, அதை ஏன் விளக்காக்க வேண்டும்?' என்று கேட்டார் முதலாளி." சிரித்த ஹெலன் ஆன்ட்டி மெல்லக் குரலைத் தாழ்த்தினார். "என் அம்மா டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தார். வீடு திரும்ப இருட்டிவிடும். வாசலில் விளக்கு வைப்பது என் வேலை. அதைத்தான் எழுதினேன். அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது."

"விழாவுக்கு வருவீங்களா?"

"ஆட்டுக்குட்டியைக் கேட்கவா? வேண்டாம், நிரு."

நிருபமாவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த பயிற்சியின்போது பாட்டு டீச்சர் கெல்லரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமாக நானும் ஆட்டுக்குட்டி என்றுதானே பாடுகிறேன்! சரி, மாற்றிவிடலாம்."

பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. வெள்ளைப் பஞ்சு ஒட்டிய உடையில் லோட்டே நின்றிருந்தாள். "அப்போ நான் வேண்டாமா?"

டீச்சர் நிருபமாவைப் பார்த்தார். நிருபமா லோட்டேயைப் பார்த்தாள். ஒருவருக்கு நல்லது செய்யப் போய் இன்னொருவரை அழவைத்துவிட்டோமே! அவள் லோட்டேயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ கட்டாயம் வேணும், லோட்டே. வாசல்ல விளக்கை யாராவது கொண்டுவந்து வைக்கணுமே. அதை ஆட்டுக்குட்டி வைக்கக் கூடாதா என்ன?"

லோட்டே மூக்கை உறிஞ்சினாள். "நிஜ விளக்கா?"

"பாட்டரி போட்ட விளக்கு."

"பச்சை கலரா?"

"பச்சையே வாங்கலாம்," என்றார் டீச்சர் அவசரமாக.

அன்று மாலை நிருபமா மறுபடியும் எதிர்வீட்டு மணியை அடித்தாள். "ஆன்ட்டி, விளக்குன்னுதான் பாடப்போறோம். இப்போ வருவீங்களா?"

ஹெலன் ஆன்ட்டி தன் உடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, "எந்த உடை போட்டுக்கொண்டு வரட்டும்?" என்று கேட்டார்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டுக்கு முன்னால் நிருபமா ஒலிபெருக்கியின் அருகே வந்தாள். தெளிவான குரலில் பேசினாள்.

"இந்தப் பாட்டின் சொற்களை எழுதியவர் ஹெலன் வைஸ். அதோ, எங்கள் எதிர்வீட்டுக்காரர்! அவர் எழுதியது ஆட்டுக்குட்டி இல்லை, விளக்கு. தயவுசெய்து எல்லோரும் சரியாகப் பாடுங்கள்."

அரங்கமே சிரித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஹெலன் ஆன்ட்டியின் காதுகூடச் சிவந்துவிட்டது.

பாட்டு தொடங்கியது. அந்த வரி வந்ததும் லோட்டே துள்ளித் துள்ளி வந்து பச்சை விளக்கை மேடையில் அமைத்திருந்த வாசலில் வைத்தாள். பழக்க தோஷத்தில் சில அப்பாக்கள் 'லேம்' என்று பாடிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை!" என்று கூட்டம் கேட்டது.

இரண்டாவது முறை ஒருவர்கூடத் தவறவில்லை. அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடியது. ஹெலன் ஆன்ட்டி மட்டும் பாடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய பாட்டை ஆசைதீரக் கேட்டுக்கொண்டிருந்தார்.