சாக்குத்துணி என்ற விண்கலம்

நோன்புப் பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் காலை, கெய்ரோவின் அப்தீன் பகுதியில் இஸ்ஸத்தின் வீட்டுக்கு வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். தன் தம்பி உயிரோடு இருக்கிறான், அதற்குச் சாட்சி ஒரு சினிமா என்றாள்.

அவள் பெயர் நஹ்லா. ஷுப்ராவில் மருந்துக்கடை வைத்திருப்பவள், தெருவுக்கு டாக்டரம்மா. தம்பி ஷிஹாப் வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதினான். 'உப்புக் கோள்' என்று தலைப்பு. தண்ணீர் தேடி வேற்றுக் கோளுக்குப் போகும் நாலு பேரின் சாகசக் கதை. முந்நூறு பிரதி விற்றது. மீதி பதிப்பாளரின் கிடங்கில் எலிக்கு விருந்தானது. எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், எழுத்து சோறு போடுமா என்று நஹ்லா கேட்டுவிட்டாள். அவன் ஒரு பையோடு படியிறங்கிப் போனான், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை நினைத்து அவள் அழாத நாள் இல்லை.

இந்தப் பெருநாளுக்கு அந்த நாவல் படமாக வந்திருந்தது. பதிப்பாளர் உரிமையை விற்றிருக்கிறார். நஹ்லா தனியாகப் போய்ப் பார்த்தாள். நாவலில் விண்கலத்துக்குப் பெயரே கிடையாது, வெறும் பதினேழாம் எண். படத்தில் அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் 'கைஷா' என்று எழுதியிருந்தது. கைஷா என்றால் தரை துடைக்கிற சாக்குத்துணி. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது.

"நான் மட்டும் சிரிக்கல உஸ்தாத். அது எங்கம்மா பேரு" என்றாள் நஹ்லா.

அம்மாவுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. நாலாவதுக்காவது கண்ணேறு படக்கூடாது என்று இந்த அவலட்சணமான பெயரை வைத்தார்கள். தெருவுக்கு அவள் 'உம்மு ஷிஹாப்', ஷிஹாபின் தாய். அங்கே ஆண்பிள்ளை தன் அம்மா பெயரை வெளியில் சொல்வதே மானக்கேடு. அதிலும் இப்படி ஒரு பெயர் பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பையன் தலைகாட்ட முடியாது. ஷிஹாப் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். செத்துப்போன அப்பாவை விட்டால் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அக்காவும் தம்பியும்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த வஹீத் தலையைக் குனிந்துகொண்டான். டாக்ஸி ஓட்டுகிறவன், இஸ்ஸத்துக்குச் சம்பளமில்லாத உதவியாள், சினிமாப் பைத்தியம். அந்தப் படத்தை மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் அந்த இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தவன்.

இஸ்ஸத் முப்பது வருஷம் நீதிமன்றத்தில் கதைத் திருட்டு வழக்குகளுக்கு இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுச் சொன்னவர். அவசரம் என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, வஹீதைப் படம் சொல்லச் சொல்லி, வித்தியாசங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பார்க்காத படத்துக்கே விமரிசனம் சொல்கிறவன், பார்த்த படத்தை விடுவானா? இரண்டு மணி நேரம் சொன்னான்.

மறுநாள் இருவரும் திரைக்கதை எழுதிய ரஃபத்தைப் பார்க்க துக்கி பகுதிக்குப் போனார்கள். ஒல்லியான, இருமுகிற மனிதர். இஸ்ஸத் "இந்தக் கதையை எழுதின ஷிஹாப்..." என்று தொடங்கியதும் ரஃபத்தின் உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு அவர் தேநீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தார். ஷிஹாபைக் கண்ணால் கண்டதில்லை என்றார். கைஷா? சும்மா, ஜனங்கள் சிரிக்கட்டும் என்று வைத்த பெயராம்.

வெளியே வந்ததும் வஹீத் துள்ளினான். ஷிஹாப்தான் மறைவில் இருந்து எழுதுகிறான், ரஃபத் பெயர் போட்டுக்கொள்கிறார், ஊரில் பசித்த எழுத்தாளர்கள் எத்தனை பேர் இப்படி இல்லை என்றான். இஸ்ஸத் தாளை மடித்துப் பையில் வைத்தார். வஹீதின் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று மாலை நஹ்லாவை டாக்ஸியில் கொண்டுபோய் விட்டபோது, "உயிரோடதான் இருக்கார் டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை கையோட கூட்டிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டான். அவள் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். கிழவி அன்றே மகனின் அறையைக் கழுவிவிட்டாளாம். வாத்து வாங்கிக் கட்டிப்போட்டாளாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், வரச்சொல்லியிருந்த ரஃபத்தும் சேர்ந்து நால்வரும் இஸ்ஸத்தின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நஹ்லா புதுத் தலைத்துணி கட்டி வந்திருந்தாள். அதைப் பார்த்த இஸ்ஸத் வஹீதை ஒரு பார்வை பார்த்தார்.

"நாவலுக்கும் படத்துக்கும் அஞ்சு வித்தியாசம்" என்றார் இஸ்ஸத். "நாவல்ல பெண்ணே இல்ல, படத்துல ஒரு பெண்ணும் பாட்டும் இருக்கு. அது தயாரிப்பாளர் வேலை. நாவல்ல வர்ற உப்பு மிருகம் படத்துல இல்ல. அதுவும் அவர் வேலைதான், மிருகம் செய்ய நிறைய செலவாகும். மத்த மூணும் சினிமாக்காரன் மூளையில உதிக்கிறது இல்ல."

நாவலில் தலைவன் நோயாளித் தோழனை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். படத்தில் தோழன் பிழைத்துத் திரும்புகிறான், தலைவன் அங்கேயே மூச்சடங்கிக் கிடக்கிறான். அது ஒன்று. கலத்தின் பெயர் இரண்டாவது.

"மூணாவது, கடைசிக் காட்சி" என்றார். "பூமியில இருந்து ஒரு குரல் செத்துக் கிடக்கிற தலைவனை 'கைஷா பிள்ளையே, கைஷா பிள்ளையே'ன்னு மூணு தடவை கூப்பிடுது. வஹீது, அங்க யாராவது சிரிச்சாங்களா?"

"இல்ல உஸ்தாத். எல்லாரும் அழுதாங்க."

"சிரிக்க வச்ச பேரை அழவைக்கிற இடத்துக்கு யாரும் கொண்டு வரமாட்டாங்க. அப்போ அந்தப் பேரு சிரிப்புக்கு வச்சது இல்ல, யாரோ குடுத்தது. சொல்லு, நம்ம ஊர்ல ஆம்பளை தன் அம்மா பேரை அந்நியன்கிட்ட எப்போ சொல்லுவான்?"

வஹீத் விரல் மடக்கினான். அரசாங்கக் காகிதத்தில் எழுத. மந்திரித்துத் தாயத்து எழுதுகிற ஷேக்கிடம். மூன்றாவது விரல் பாதியில் நின்றது. தன் அப்பாவின் அடக்கத்தில் அவன் நின்றிருக்கிறான். மண் மூடிய பிறகு ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவனை அப்பா பெயரால் அல்ல, அம்மா பெயரால் மூன்று முறை அழைத்து, கேள்வி கேட்க வரும் வானவர்களுக்கு என்ன பதில் என்று சொல்லிக் கொடுப்பார்.

"அன்னைக்கு ஷிஹாப் பேரைச் சொன்னதும் இவர் உதடு அசைஞ்சுது" என்று இஸ்ஸத் மெதுவாகத் தொடர்ந்தார். "தேநீருக்கு முன்னால அல்லாஹ் பேரைச் சொல்றார்னு நீ நினைச்சிருப்ப. கிளாஸ் அப்போ மேஜையில இருந்துது. 'அல்லாஹ் அவருக்கு இரங்கட்டும்'னு நாம செத்தவங்களுக்குத்தான் சொல்வோம். அது நம்ம வாய்க்குப் பழக்கம், நிறுத்தணும்னாலும் நிற்காது. கண்ணால பார்க்காத மனுஷன் செத்துட்டான்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

நஹ்லா ரஃபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு நெஞ்சு நோய் மருத்துவமனையில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். ஷிஹாப் வேறொருவனின் அடையாள அட்டையைக் காட்டிச் சேர்ந்திருந்தான். ரஃபத் தேறிவந்தார், அவன் தேறவில்லை. அது புரிந்ததும் நாவலின் முடிவை ஒரு நோட்டில் மாற்றி எழுதி இவர் கையில் கொடுத்தான்.

"காகிதத்துல இன்னொருத்தன் பேரோட சாகப்போறேன், குழியிலயாவது என்னை என் பேரு சொல்லிக் கூப்பிடச் சொல்லுன்னான்" என்றார் ரஃபத். "அப்பதான் அம்மா பேரைச் சொன்னான். காதுக்குள்ள சொன்னான். வீட்டையும் சொன்னான். நான் தெரு வரைக்கும் வந்தேம்மா. மேல பால்கனியில உங்கம்மாவைப் பார்த்தேன். திரும்பிட்டேன். அப்புறம் அந்த நோட்டு எனக்குப் பேர் வாங்கிக் குடுத்துடுச்சு. வாய் திறக்க முடியல."

"அடக்கத்துக்கு யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டாள் நஹ்லா.

"நானும் குழி வெட்டினவரும். அவர்தான் கூப்பிட்டார். பேரைச் சொன்னதும் நான் விளையாடறேன்னு நினைச்சு சிரிச்சுட்டார்."

நஹ்லா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதைப் பார்க்க வஹீதுக்குப் பயமாக இருந்தது. நம்பிக்கையை மூட்டியவன் அவன்தான். தன் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை போலிருந்தது. கடைசியில் அவள் எழுந்து, ரஃபத் தன்னோடு வர வேண்டும், அம்மாவிடம் இதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், தன்னால் முடியாது என்றாள். ரஃபத் மறுபேச்சில்லாமல் எழுந்தார்.

வஹீத் ஷுப்ராவுக்கு வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினான். பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டக்கூட இல்லை. தெருமுனையிலேயே வாத்து வதக்கும் வாசனை வந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் கிழவி அடுப்பைத் தணித்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் புரை, தூரத்தில் ஆள்தான் தெரியும், முகம் தெரியாது.

வண்டி நின்றது. நஹ்லா ஒரு பக்கம் இறங்கினாள். மறுபக்கம் ரஃபத் இறங்கினார், ஒல்லியாக, லேசாக இருமிக்கொண்டு. மேலேயிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து அவர்களும் குலவையிட்டார்கள்.