எட்டுப் பட்டன் கோட்டு

மாணவர் சங்கத் தலைவரின் அறை விடுதியின் மூன்றாவது மாடியில், தாழ்வாரக் கடைசியில் இருந்தது. நான் முதலில் அங்கே போனது தையல் டேப்பும் கையுமாக. பழைய தலைவர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். என் இரும்புப் பெட்டி கட்டிலுக்கடியில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

நுழைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டு முடிந்தால் எல்லோரும் விடுதியைக் காலி செய்ய வேண்டும். சங்கத் தலைவருக்கு மட்டும் கடைசி ஆண்டு முழுவதும் இந்தத் தனி அறை உண்டு. மற்றவர்களுக்குப் போக வீடு இருக்கிறது. எனக்கு இல்லை. "நாடகம் ஆடப் போறேன்னு வாசலைத் தாண்டினா, திரும்பி வராதே" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவனுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அம்மா கூப்பிடுவாள். தாழ்வாரத்து ஃபோன் அடிக்கும். பத்து நிமிடம். என் குடும்பம் என்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

அதனால் அந்தப் பதவி எனக்கு வேண்டும். பந்தாவுக்காக இல்லை, கூரைக்காக.

என்னை எதிர்த்து நிற்க ஒருவருக்கும் தைரியமில்லை. எனக்கு அங்கே வாயாடி என்று பெயர். மேடையில் என்னோடு வாயைக் கொடுத்தவர்கள் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஒரு பதவிக்கு ஒருத்தர் மட்டும் நின்றால், மற்றவர்கள் கூடி எதிராக ஒரு வேஷத்தை உண்டாக்கி நிறுத்துவார்கள். நாடகப் பள்ளி ஆயிற்றே! போன வருடம் பொருளாளர் பதவிக்கு எதிராக, காது கேட்காத ஒரு தாத்தா நின்றார். இல்லாத தாத்தாவுக்குப் பதினொரு ஓட்டு.

எனக்கு எதிராகவும் ஒருத்தியைப் படைத்தார்கள். ஒத்திகை அறையில், ஒரு நீள நோட்டில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு. பட்டப்பகலில்கூட விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. சுவரில் நடிப்பு வாத்தியார் ஒட்டிவைத்த ஐந்து கேள்விகள். இவள் யார்? எப்படி நடப்பாள்? எப்படிப் பேசுவாள்? என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுவாள்?

அவள் பெயர் எதிர்க்கட்சி என்றான் ஒருவன். குதிகாலை முதலில் ஊன்றி நடப்பாள் என்றாள் என் அறைத்தோழி குண்டூசி. பேசுவதற்கு முன்னால் மெதுவாக, "சரி, கேளுங்க" என்பாள் என்றான் மைக். மைக் கடைசி ஆண்டு மாணவன், தேர்தல் அதிகாரி. அவன் தொண்டைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

"என்ன வேணும்?" என்று கேட்டான் மைக். "வேண்டியது இல்லாத வேஷம் பொம்மைடா. யாராவது சொல்லுங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நோட்டைப் பிடுங்கி நானே எழுதினேன்.

'வாயாடியிடம் இருக்கிறதெல்லாம் வேண்டும்.'

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. 'எதற்குப் பயப்படுவாள்?' என்பதற்குக் கீழே எதையும் எழுதாமலேயே எழுந்து போய்விட்டோம்.

உடுப்பு அறை அக்கா அவளுக்கு ஒரு கோட்டு கொடுத்தாள். சாம்பல் நிறம், அந்துருண்டை நாற்றம், கழுத்துவரை மூடியது. மேடை உடுப்பு என்பதால் முன்னால் பட்டனே கிடையாது. முதுகில் எட்டு. போட்டுக்கொள்பவர் தானாகப் பட்டன் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. இன்னொருவர் கை வேண்டும்.

"கழுத்து சின்னது. பட்டனை அவுக்காம தலை வழியா இழுத்துக் கிழிச்சீங்க, தோலை உரிச்சுடுவேன்" என்றாள் அக்கா.

முறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாள் கோட்டை மாட்டி எனக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்கள். முதல் மூன்று நாள் ஒரே கூத்து. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நாலாம் நாள் மதியம். நானும் குண்டூசியும் டீக்கடை பெஞ்சில் இருந்தோம். எதிரே மரத்தடியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். நடுவில் சாம்பல் கோட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"இன்னிக்கு யார் முறைடி?" என்றேன்.

குண்டூசி டீயை உறிஞ்சினாள். "என் முறைதான். வெயில் மண்டையைப் பிளக்குது, யாரு அதைப் போடுவா? அறையிலயே விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவளும் மரத்தடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கோட்டு நகர்ந்தது. குதிகால் முதலில்.

டக். டக். டக்.

எவளோ விளையாடுகிறாள் என்று பின்னாலேயே போனேன். ஒத்திகை அறைக் கதவு மூடிக்கொண்டது. நான் திறந்தபோது உள்ளே கும்மிருட்டு. தடவித் தடவி விளக்கைப் போட்டேன். ஆள் இல்லை. அந்த அறைக்கு வேறு வழியும் இல்லை. ஆணியில் கோட்டு தொங்கியது. கையை வைத்தேன். இப்போதுதான் ஒருத்தர் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

முதுகில் எட்டுப் பட்டனும் போட்டபடியே இருந்தது.

உடுப்பு அறை அக்காவை இழுத்துவந்து காட்டினேன். அவள் பட்டன்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு போட்டுவிட்டது?"

"தெரியலக்கா."

"கழட்டினது யாரு?"

"அதுவும் தெரியல."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இது எனக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் என் பித்தளை டம்ளர். உணவுக்கூடத்தில் என் இடத்தில் இருந்தது, எடுக்கப் போனால் யாரோ குடித்து வைத்த டீ அடியில் இன்னும் சூடாக இருந்தது. பிறகு என் நீலச் சட்டை. பிறகு என் பேச்சு. மூன்று ராத்திரி கண்விழித்து எழுதி ஒருவரிடமும் காட்டாத தேர்தல் பேச்சு அது. அதை ஒரு முதலாம் ஆண்டுப் பெண் என்னிடமே ஒப்பித்தாள். "அந்தக் கோட்டு அக்கா சொன்னாங்க. ரொம்ப நல்லாப் பேசுறாங்க. நீங்களும் ஏதாவது புதுசாச் சொல்லுங்களேன்" என்றாள் குழந்தை மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கே ஃபோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாலு ஆயிற்று. அடிக்கவில்லை. நாலரைக்கு மனசு கேட்காமல், கூப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்த பக்கத்து வீட்டு எண்ணை நானே சுழற்றினேன். நல்ல வேளை, இன்னும் அங்கேயே இருந்த அம்மாதான் எடுத்தாள்.

"ஏம்மா இன்னிக்குக் கூப்பிடல?"



"என்னடி உளர்றே? மூணரைக்குத்தானே கூப்பிட்டேன். அண்ணன் வெளியே போனான்னு சீக்கிரமாவே வந்துட்டேன். அவ்வளவு நேரம் பேசினியே." குரல் தாழ்ந்தது. "அப்போ நல்லாத்தானே பேசினே. இப்ப ஏன் குரல் வேற யாரோ மாதிரி இருக்கு?"

"அம்மா, நான்தாம்மா."

"சளி பிடிச்சிருக்கோ என்னமோ. வெந்நீர் குடி. வெச்சுடறேன், யாரோ வர்றாங்க."

டம்ளரை எடுத்துக்கொள், சட்டையை எடுத்துக்கொள், சனியன் தொலைகிறது! அம்மாவை எப்படி எடுக்கலாம்? பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். தேர்தலுக்கு முந்தின நாள் மதியம் பேனாவோடு ஒத்திகை அறைக்குப் போனேன். அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும். நான் எழுதியதுதானே, நானே அடித்துவிட்டால் முடிந்தது.

நோட்டு நடுவில் தரையில் திறந்து கிடந்தது. நாங்கள் எழுதிய பக்கம் இல்லை, அதற்கு அடுத்த பக்கம். அதே ஐந்து கேள்விகள். பதில்கள் என் கையெழுத்தில் இருந்தன. சத்தியமாக நான் எழுதவில்லை.

இவள் யார்? வாயாடி.

எப்படி நடப்பாள்? வேகமாக, இடது தோளை முன்னால் தள்ளி.

எப்படிப் பேசுவாள்? எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்னால்.

என்ன வேண்டும்? மூன்றாம் மாடி அறை.

எதற்குப் பயப்படுவாள்? அம்மாவுக்குத் தன் குரல் மறந்துபோவதற்கு.

விளக்கு அணைந்தது.

அந்துருண்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது.

என் காதுக்கு வெகு பக்கத்தில், மெதுவாக:

"சரி, கேளுங்க."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. படிக்கட்டில் குண்டூசி மேல் மோதி விழுந்தேன். "நீ தேர்தல்ல நிக்காதே, விட்டுடு. அறை போனாப் போகுது. எங்க வீட்டுக்கு வந்துடு" என்று அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் கேட்கவில்லை. இத்தனை பட்ட பிறகு விட்டுக்கொடுப்பதா? அந்த வீம்புதான் என்னைத் தின்றது.

மறுநாள் ஓட்டுப்போட்டு முடிந்தது. நானும் போட்டேன். மாலை ஐந்து மணிக்குப் பெரிய அரங்கில் எல்லோரும் கூடினோம். முடிவு சொல்வதிலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. அரங்கம் முழுக்க விளக்கை அணைப்பார்கள். தேர்தல் அதிகாரி பெயரைச் சொல்வார். ஒரே ஒரு ஒளிவட்டம் ஜெயித்தவர்மேல் விழும். நான் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் குண்டூசி. பின்னால் யாரும் இல்லை, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

விளக்குகள் போயின. அறுபது பேர் மூச்சுவிடுவது கேட்டது.

என் பிடரியில் ஒரு விரல் பட்டது.

சில்லென்று. ஒரு பட்டன் துளைக்குள் நுழையும் அந்தச் சின்ன இழுப்பு.

ஒன்று.

கத்த வாயைத் திறந்தேன். கழுத்து இறுகியது.

இரண்டு. மூன்று.

அவசரமே இல்லாத விரல்கள். ஒவ்வொன்றாக, முதுகுத்தண்டு வழியாகக் கீழே இறங்கின.

நாலு. ஐந்து.

"நாற்பத்தியோரு ஓட்டு!" என்று மைக் முழங்கினான். சீட்டி பறந்தது.

ஆறு. ஏழு.

"நம்ம புதுத் தலைவர்... வாயாடி!"

எட்டு.

ஒளிவட்டம் விழுந்தது. என்மேல் இல்லை.

முதல் வரிசையில், நீலச் சட்டையில் ஒருத்தி எழுந்து நின்றாள். இடது தோளை முன்னால் தள்ளி வேகமாக மேடை ஏறினாள். என் மூக்கு. என் நெற்றித் தழும்பு. மைக் வாழ்த்தி முடிக்கும் முன்னாலேயே அவள் பேச ஆரம்பித்தாள், அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. குண்டூசி என் பக்கத்து நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "ஏய், அது என் ஃபிரெண்டுடி!" என்று கைதட்டினாள்.

"குண்டூசி! நான் இங்க இருக்கேன்டி!" என்று அவள் கையைப் பிடித்தேன்.

குனிந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். பெயர் தெரியாத முதலாம் ஆண்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல.

"யாரும்மா நீ? எலெக்‌ஷன்தான் முடிஞ்சுதே, அந்தக் கோட்டைக் கழட்டு. நாத்தம் தாங்கல."

"நீ கழட்டிவிடுடி. என்னால முடியாது. பட்டன் முதுகுல இருக்கு."

"வேற வேலையில்ல" என்று கையை உதறிவிட்டு மேடையை நோக்கி ஓடினாள்.

அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். சிரித்துவிட்டுப் போகிறார்கள், அல்லது அதட்டுகிறார்கள். உடுப்பு அறை அக்கா என்னைத் தூரத்தில் கண்டாலே கதவைச் சாத்திவிடுகிறாள். இருப்பது ஒத்திகை அறையில், அந்த ஆணிக்குக் கீழே. நீள நோட்டில் எதிர்க்கட்சிக்கென்று நாங்கள் எழுதிய பக்கம் இப்போது என் பக்கம்; அதில் 'எதற்குப் பயப்படுவாள்?' என்பதற்குக் கீழே இன்னும் இடம் காலியாகவே இருந்தது. அங்கே ஆரம்பித்துத்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. மூன்று மணிக்கே விடுதிக்குப் போய்த் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவை மட்டுமாவது விட்டுவிட மாட்டேன். பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நின்றேன்.

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அம்மா."

மறுமுனையில் அம்மாவின் மூச்சு கேட்டது. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கடகடவென்று சொல்லத் துடித்தேன். ஆனால் அடுத்து என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"சரி, கேளுங்க."

"யாரும்மா நீங்க?" என்றாள் அம்மா, மரியாதையாக. "அந்தக் கடைசி அறையில என் பொண்ணு இருக்கா. கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

தாழ்வாரக் கடைசியில் கதவு திறந்தது. வேகமான காலடிகள் வந்தன. ஒரு கை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபோனை வாங்கிக்கொண்டது.

"நான்தாம்மா" என்றது என் குரல். "அதுவா? எனக்கு எதிரா நின்னு தோத்துப்போன பொண்ணும்மா. பாவம், நீ சொல்லு."

சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு கையை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அவிழ்ந்திருக்கிறதா என்று மேல் பட்டனை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.