ஐந்தாம் பாகத்தை யார் படிக்கிறார்கள்?

புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காலி மாத்திரை அட்டை அவள் வைத்த பக்கத்தில் இல்லை. இரண்டு அத்தியாயம் தள்ளிப் போயிருந்தது.

பழைய போர்வைகளின் ஈர வாடையும் பாச்சை உருண்டையின் நெடியும் கலந்த சாமான் அறையில், மர அலமாரியின் முன்னால் குத்துக்காலிட்டபடி அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரியைப் பூட்டியது அவள்தான், இப்போது திறந்ததும் அவள்தான். இருப்பது ஒரே சாவி, அதுவும் அவள் கைப்பையில். மருந்துக்கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, தான் படித்த பக்கமா மறந்துபோகும்?

மகளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

புத்தகங்கள் மகளுடையவை. குற்றம் நடந்த இடத்தைப் பார்த்தே குற்றவாளியின் மனசை அளந்து சொல்லிவிடும் நாலு பள்ளிப் பிள்ளைகளின் கதை, பாகம் பாகமாக. மதிப்பெண் குறைந்த அன்று, வீட்டுக்கு வந்திருந்த தோழிகளின் எதிரிலேயே அவள் அத்தனையையும் வாரி எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள்.

“இந்தக் குப்பையைப் படிச்சுப் படிச்சு நாளைக்கு நீயே எவன் கழுத்தையாவது அறுக்கப்போற!”

தோழிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகள் எழுந்து தன் அறைக்குள் போனாள். அன்று சாத்திய அறைக் கதவு சாத்தியதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போக வர மட்டும் திறக்கும், சாப்பாட்டுத் தட்டு உள்ளே போய்க் காலியாக வெளியே வரும். கணவன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். சமாதானம் செய்துவைக்கக்கூட வீட்டில் ஆளில்லை.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று முதல் பாகத்தைப் புரட்டியதுதான் வினை. இந்த வயசில், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் திருட்டுத்தனமாகப் படித்தாள். குப்பை என்றவளே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நினைத்தாலே காது மடல் சூடாகிவிடும்.

மகள்தான், எப்படியோ கள்ளச்சாவி போட்டுவிட்டாள் என்று முடிவுகட்டினாள். கோபம் வரவில்லை. பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் என்ன, இருவரும் ஒரே புத்தகத்தைத்தானே படிக்கிறோம் என்று உள்ளுக்குள் சின்ன சந்தோஷம்கூட. புத்தகத்தின் மேல் ஒரு மிட்டாயை வைத்துப் பூட்டினாள். மறுநாள் மிட்டாய் இல்லை. அதைச் சுற்றியிருந்த காகிதம் மட்டும் சின்னதாக மடித்து, புத்தக அட்டையின் நடுவில் வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் பேசிப் பழக ஆரம்பித்தாள். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அலமாரியிடமாவது சொல்லிப் பார்க்கலாமே.

“பாப்பா, அம்மாவை மன்னிச்சிடுடா. உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கே வெக்கமா இருக்கு. கதவைத் திற, கண்ணு.”

முதலில் குரல் பிசிறியது. போகப் போக நன்றாக வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தினமும் அதையேதான் நினைத்தாள்.

இன்னொரு மழை நாளில், கடையிலிருந்து வந்து நுழைந்ததும் மின்சாரம் போனது. மகளின் அறையில் முணுமுணுப்பாக ஏதோ பேச்சுச் சத்தம். தோழி யாரோடாவது போனில் பேசுகிறாள் போலிருக்கிறது என்று சாமான் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். டார்ச் வெளிச்சத்தில் ஐந்தாம் பாகத்தை விரித்தபோதுதான் அந்தக் கோடுகள் கண்ணில் பட்டன. பேனாக் கோடு இல்லை. நகத்தால் அழுத்திக் கீறியது.

அந்தப் பிள்ளைகள் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்த வரிகளின் கீழே ஒரு கீறலும் இல்லை. குற்றவாளி எங்கே தவறு செய்து மாட்டிக்கொண்டான் என்று எழுதியிருந்த இடங்களில் மட்டும். ஒவ்வொன்றின் கீழும்.

பாப்பாவுக்கு நகமே கிடையாது. கடித்தே தீர்த்துவிடுவாள்.

பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் கீறிய வேகத்தில் தாளே கிழிந்திருந்தது. ‘அவன் பூட்டை உடைப்பதில்லை. எந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை என்று பார்க்கிறான். அந்த இடைவெளி வழியாக உள்ளே வருகிறான்.’

டார்ச்சை அலமாரிக்குள் திருப்பினாள். கீழ்த்தட்டில் போர்வைகளின் நடுவே ஒரு பள்ளம். ஒரு ஆள் முடங்கி உட்காரும் அளவுக்கு. கையை வைத்தாள்.

சூடு.

ஓடினாள். மகளின் கதவில் நெற்றி இடிக்கப் போய் நின்றாள். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. வெட்கமாவது, மண்ணாங்கட்டியாவது. இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் கொட்டியது.

“பாப்பா, அம்மாவை மன்னிச்சிடுடா! உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கே வெக்கமா இருக்கு. கதவைத் திற, கண்ணு. சீக்கிரம்!”

பிறகு மகளின் குரல், மிகச் சன்னமாக.

“யாரு?”

“அம்மாடா.”

“அம்மா நேத்தே வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க. இதே வார்த்தைதான். நானும் கதவைத் திறந்தேன்.” எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. “இப்பவும் கரண்டு போனதும் வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. கதை சொல்லிட்டு இருக்காங்க. நீங்க யாரு?”

நீங்க. பெற்ற மகள் அவளை ‘நீங்க’ என்றாள். ஒரே ஒரு நாள் முந்தியிருந்தால். ஒரே ஒரு நாள்.

“பாப்பா, அது நான் இல்ல. வெளிய வந்துடு. ஓடி வந்துடு!”

அப்போது அவளுடைய குரலே உள்ளிருந்து பேசியது. பிசிறே இல்லாமல்.

“திறக்காதே, கண்ணு.”

கதவின் மறுபுறம், அவள் நெற்றி பதிந்திருந்த அதே உயரத்தில், ஒரு நகம் மெல்லக் கீறத் தொடங்கியது. இடமிருந்து வலமாக, நிதானமாக, ஒரு வரியின் கீழ் கோடு போடுவதைப் போல.