உள்பக்கத் தாழ்ப்பாள்

காலை ஏழரை. பெண் இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது, மின்விசிறியிலிருந்து இறக்கிய உடலைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் துப்பட்டா. படுக்கையறைக் கதவின் உட்புறம், பிய்ந்த தாழ்ப்பாள் ஒற்றைத் திருகாணியில் தொங்கியது.

“உள்ள தாழ் போட்டுக்கிட்டா மேடம். தட்டித் தட்டிப் பாத்தேன். அப்புறம் உதைச்சுத்தான் திறந்தேன்,” என்றான் கணவன். குரல் கம்மியிருந்தது; கண் காய்ந்திருந்தது.

“சண்டையா?”

“புருஷன் பொண்டாட்டின்னா இல்லாமலா?”

இறந்தவளின் அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். “இவ தூக்குல தொங்குறவ இல்ல மேடம். இன்னிக்கு என்னோட வந்துடறேன்னா. பை கட்டி வெச்சிருக்கா, பாருங்க.”

உள்ளே பூட்டிய அறை, பார்த்த சாட்சி யாருமில்லை. தற்கொலை என்று எழுதி மூடிய வழக்குகள் எத்தனை!

முகம் கழுவக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ் போடக் கை துழாவியது. ஒன்றுமில்லை. திருகாணி ஓட்டைகளை வெள்ளைப் பூச்சால் அடைத்திருந்தார்கள். சமையலறைக் கதவிலும் அதே கதை.

அடுப்படியில் மாமியார் நின்றாள்.

“கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் இல்லையேம்மா?”

“அவன் கை ஓங்கினா ஓடிப்போய் உள்ள பூட்டிக்குவா. அதான் போன வருஷமே எல்லாத்தையும் கழட்டிட்டான்.”

“எல்லாத்தையுமா?”

கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் படுக்கையறைக்குத் திரும்பினார். தாழ்ப்பாள் தொங்கிய திருகாணியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் புரியெல்லாம் வெள்ளைத் தூள்.

“நீதான் கொன்ன,” என்றார் கணவனிடம். “பையைப் பாத்ததும் கழுத்தை நெரிச்ச. தூக்கி மாட்டின. அப்புறம் பழைய தாழ்ப்பாளைத் தேடி எடுத்து, அடைச்ச ஓட்டையிலயே திருகி, நீயே உதைச்சுப் பிச்ச. அந்தப் பூச்சுதான் புரியில ஒட்டியிருக்கு. ஓடி ஒளிய ஒரு கதவுகூட விட்டு வைக்காதவன், அவ கதவைப் பூட்டிக்கிட்டான்னா சொல்ற?”

அவன் தலை தொங்கியது. “என்னை விட்டுப் போறேன்னா மேடம்...”

அக்கா தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அவனை ஜீப்பில் ஏற்றும்போது கிழவி பின்னாலேயே ஓடிவந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பற்றினாள். கோபமில்லை, நிஜமாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள்.

“இவங்கப்பாவும் இப்படித்தாம்மா அடிச்சாரு. நான் என்ன, செத்தா போயிட்டேன்?”