ரீல் தப்பா, அப்பா தப்பா?

வைஷாலியின் அப்பா அழகேசன் ஞாயிறுதோறும் பொங்கோல் படகுத்துறைக்குப் போய் மீன் பிடிப்பார். அதாவது, பிடிக்கப் போவார். வீடு திரும்பும் வழியில் தேக்கா சந்தையில் இறங்கி ஒரு மீன் வாங்கிக்கொள்வார்.

“ஏங்க, இந்த மீன் செதிலையும் குடலையும் எடுத்து வச்சிட்டுத்தான் உங்க தூண்டில்ல வந்து மாட்டிச்சா?” என்று அம்மா கேட்டார்.

அப்பா அசடு வழிந்தார். “எல்லாம் நரம்பு சுத்துற இந்த ரீலாலதான். சுத்தினா கரகரங்குது. கடையில ஒரு நீல ரீல் இருக்கு. அது மட்டும் கிடைச்சா…”

“அந்த விலைக்கு வாஷிங் மெஷினே வாங்கலாம்!” என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்தார். “சரி, அடுத்த வாரம் வைஷாலி உங்ககூட வரட்டும். தப்பு ரீல் மேலதான்னு அவ சொன்னா வாங்கிக்குங்க. இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

வைஷாலிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அப்பா ஆசை ஆசையாக அந்த ரீலைக் கடையில் தடவிப் பார்ப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதற்காகப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. படகுத்துறையில் அப்பாவின் தோழி ஜரீனா ஆன்டியும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தூண்டிலில் அதே நீல ரீல்!

“ஆன்டி, கொஞ்ச நேரம் அப்பாவோட தூண்டில மாத்திக்கிறீங்களா?”

“அதுக்கென்னம்மா, தாராளமா!”

அப்பா பெருமையாக நீல ரீல் தூண்டிலை வீசினார். உடனே தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்தார். முள்ளில் ஒன்றுமில்லை. மறுபடி வீசினார். மறுபடி இழுத்தார்.

“என்னப்பா பண்றீங்க?”

“மீன் மாட்டிச்சான்னு பாக்குறேன்லா.”

நீல ரீல் லேசாகச் சுற்றியதால் அப்பா முன்பைவிட வேகமாக இழுத்து இழுத்துப் பார்த்தார். ஜரீனா ஆன்டியோ கரகர ரீலை வைத்துக்கொண்டு, கோப்பி குடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு மீன் மாட்டியது.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. வைஷாலிக்குப் பாவமாக இருந்தது. தூண்டில்களைத் திரும்ப மாற்றிய பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதில் சொன்னாள்.

“அப்பா, தூண்டில வீசிட்டு வலது கைய என்கிட்ட குடுங்க. நான் விடுற வரைக்கும் சுத்தக் கூடாது.”

அவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் விரல்கள் ரீலைச் சுற்றத் துடித்தன.

“கொஞ்சமா பாத்துக்கட்டுமா?”

“வேணாம்.”

“ஒரே ஒரு தடவை?”

“அப்பா!”

திடீரென்று தூண்டில் வளைந்தது. வைஷாலி கையை விட்டாள். “இப்ப சுத்துங்கப்பா!”

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். தண்ணீருக்கு மேலே பெரிய வால் ஒன்று தெரிந்தது. கர்ர்… கர்ர்… படக்!

ரீலின் கைப்பிடி உடைந்து அப்பாவின் கையோடு வந்துவிட்டது. மீன் துள்ளித் தப்பித்து ஓடிவிட்டது.

அப்பா கைப்பிடியைப் பார்த்தார். வைஷாலியைப் பார்த்தார். “இது… யாரு தப்பு?” என்று மெல்லக் கேட்டார்.

“இவ்வளவு நாளும் தப்பு உங்க மேலதான்பா,” என்றாள் வைஷாலி. “ஆனா இன்னைக்கு ரீல் மேல. நீல ரீல் வாங்கிடலாம்!”

அப்பா போட்ட கூச்சலில் படகுத்துறையே திரண்டு ஓடிவந்தது.

“மீன் எங்கேண்ணே?” என்று கேட்டார் ஜரீனா ஆன்டி.

“போயிடுச்சு! போயே போயிடுச்சு!” என்று கைப்பிடியைத் தூக்கிக் காட்டிக் குதித்தார் அப்பா.

மீனைக் கோட்டைவிட்டதற்காக இப்படிக் குதிக்கிற ஒருவரை அங்கே யாருமே அதுவரை பார்த்ததில்லை.